சாலையைப் பார்த்து நிற்கும் ஜீப்

சேரம்பாடி லயத்துக்குள் யானை வந்தால்
நாற்பது வீட்டுக்கும் தெரியும்.
பலாக்கிளை முறியும்.
ஒன்பதாம் நம்பர் வீட்டு நாய் குரைக்கும்,
பிறகு குரைப்பதை நிறுத்திவிடும்.
தகர டப்பா, பட்டாசு, டார்ச் வெளிச்சம்,
யாரோ யாரையோ கெட்ட வார்த்தையில் கூப்பிடுவார்கள்.
பயத்தை நாற்பதாக வகுத்தால்
வீட்டுக்கு ஒரு கைப்பிடிதான்.

நெஞ்சுக்குள் ஏதோ புரண்டால்
எனக்கு மட்டும்தான் தெரியும்.

கோழிக்கோட்டில் வைத்த ஸ்டென்ட்.
பேனா ஸ்பிரிங் மாதிரிதான் என்று நர்ஸ் சிரித்தாள்.
டிஸ்சார்ஜ் சீட்டில் பாதி இங்கிலீஷ், பாதி மலையாளம்,
எனக்குப் படிக்க வந்தது வயது மட்டும்: 52.

கொழுந்து நிறுக்கும் தராசில்
அரைக் கிலோவுக்குச் சண்டை போட்டவள் நான்.
இப்போது ராத்திரியெல்லாம்
மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து
என்னையே நிறுத்துப் பார்க்கிறேன்.
எழுபத்தாறு.
எழுபத்தொன்பது.
எண்ணியதாலேயே எண்பத்தெட்டு.

"டென்ஷன் ஆகாதம்மா" என்கிறான்
திருப்பூரிலிருந்து மகன்.
மழைக்காலத்து அட்டையிடம்
கடிக்காதே என்று சொல்வது போல.

முதல் வாரம் எல்லோரும் வந்தார்கள்.
ஹார்லிக்ஸ், ஆரஞ்சு,
செத்துப்போன சொந்தக்காரர் கதை ஆளுக்கு ஒன்று.
"நல்லாத்தான் பேசிட்டிருந்தாரு,
டீயக் குடிச்சிட்டுச் சாஞ்சவருதான்."
அதற்கப்புறம் டீ குடிக்கவே பயந்தேன்,
சுற்றிலும் தேயிலை.

பிலோமினா கதை சொல்லவில்லை.
அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே
ஒற்றைச் செங்கல் சுவர்.
முதல் ராத்திரியே தட்டினாள், இரண்டு தட்டு.
நான் டம்ளரால் இரண்டு.
பதினொரு மணிக்கு, இரண்டு மணிக்கு,
விடிந்து கொழுந்துக்குப் போகும் முன்னால்.
குழாயடியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.
தண்ணீருக்குச் சண்டை, வழக்கம்போல.

நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை
எந்த முடிச்சில் இருக்கிறதென்று
ஐந்தாம் வகுப்பு ரிதன்யாவுக்குத் தெரியும்.
ஞாயிற்றுக்கிழமை முந்தானையை அவிழ்த்து
அட்டையில் தேதி பார்த்துவிட்டுப் போவாள்.

ஹம்சா எப்போதும் ஜீப்பை
கோயில் சுவரில் மூக்கை முட்டித்தான் நிறுத்துவான்.
புரட்டாசியில் ஒருநாள்தான் கவனித்தேன்,
நான் வந்ததிலிருந்து அது
சாலையைப் பார்த்து நிற்கிறது.
கேட்டால், "பேட்டரி வீக்குக்கா, எறக்கத்துல
தள்ளி ஸ்டார்ட் பண்ணணும்."
போன மாதம் மாற்றிய பேட்டரி.
லயத்துக்கே தெரியும்.

ஐப்பசி மழை.
பதினொன்றுக்குத் தட்டினாள்.
இரண்டுக்கு இல்லை.
கூரைத் தகரத்தின் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று
டம்ளரால் நான் தட்டினேன்.
சட்டியால் தட்டினேன்.
பிறகு எப்போது எழுந்தேன், கதவை எப்போது திறந்தேன்,
ஞாபகமில்லை.

சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்,
மடக்கிய விரல்கள் மடியில்.
"அவரு போன தேதிக்கா.
இதே ரெண்டு மணி.
அப்ப தட்டினேன், இந்தச் சுவத்துலதான்.
வீடு பூட்டிக் கெடந்துச்சு.
இன்னிக்குக் கை எழும்பல."
அந்த வருஷம் நான் மகன் கல்யாணத்துக்குத்
திருப்பூரில் இருந்தேன்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
டார்ச் வெளிச்சத்தில் அவள்தான் பார்த்தாள்,
என் கணுக்காலில் அட்டை
நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்ததை.
உப்பு வைத்து எடுத்தாள்.
ரத்தம் இளக்குகிற மாத்திரை,
ரத்தம் நிற்கவே இல்லை.
பழைய துணியை வைத்துக்
கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே இருந்தாள்,
அரை மணி நேரம், அதற்கு மேலும்.

"துடிக்குதுக்கா" என்றாள்.
"ஆமா" என்றேன்.

எத்தனை என்று
இருவருமே எண்ணவில்லை.